பின்புறத் தோட்டம் அழிந்தபின் வீட்டுக்குள் வரும் தண்ணீர்

அண்ணா, ஜொகூர் மாநிலத்தின் கூலாயில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்பனைகளை வெட்டி நிலத்தை உயர்த்தியபின் சமையலறைக்குள் தண்ணீர் வருகிறது, இது சூறாவளியின் வேலையா என்று கேட்டிருந்தீர்கள். சூறாவளி இங்கே அபூர்வம். 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி ஜொகூரில் கரையேறியது. உங்களுடையது மண்வேலை! தோட்டத்து மண் குடித்த மழை இப்போது நேரே ஓடி வருகிறது.

மஸ்மா எனும் மலேசிய மழைநீர் மேலாண்மை வழிகாட்டிப்படி, மேம்பாட்டாளர் தேக்கக் குளம் போன்றவற்றால் கூடுதல் நீரைத் தன் நிலத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும். குளம் வெட்டினார்களா, இல்லை விளம்பரப் படத்தோடு நின்றுவிட்டதா? அங்கீகரிக்கப்பட்ட வடிகால் வரைபடத்தை நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள், வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் ஒரு பிரதி. மழை பெய்யும்போதே, நீர் நுழையும் இடத்தைத் தேதியுடன் காணொளி எடுங்கள். அடிப்படைத் தீ காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும்.