ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி கவிழலாமா? வாசகர் கேள்விகள்

கல்லூரி மாணவர், விருதுநகர்: அமெரிக்கா மாதிரி மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கூட்டணி பேரமும் கிடையாது, ஆட்சிக் கவிழ்ப்பும் கிடையாது. நமக்கு ஏன் அது கூடாது?

முதலில் அந்த 'நேரடியாக'வை எடுத்துவிடுங்கள். அங்கே மக்கள் போடும் ஓட்டு, அதிபரைத் தேர்ந்தெடுக்கப்போகும் 538 தேர்வாளர்களைத்தான் முடிவு செய்கிறது. அதனால்தான் 2000-இல் அல் கோரும் 2016-இல் ஹிலாரி கிளின்டனும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியும் தோற்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போதே அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். அரசாங்கம் ஆட்டம் காணாமலும் இருக்க வேண்டும், பதில் சொல்லவும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இன்னும் கிடைக்கவில்லை, அமெரிக்க முறை முதலாவதை அதிகம் தருகிறது, பிரிட்டிஷ் முறை இரண்டாவதை அதிகம் தருகிறது, நாம் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். தேர்தல் வரும்போது மட்டும் கணக்குக் கேட்டால் போதாது, கேள்வி நேரத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் தினம் தினம் கேட்க வேண்டும் என்றார்.

இதற்கு நாம் கொடுத்த விலை 1999 ஏப்ரல் 17. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் நம்பிக்கை வாக்குக் கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. காங்கிரஸின் கிரிதர் கமாங் ஒடிசா முதல்வராகிச் சில வாரங்கள் ஆகியிருந்தும் எம்.பி. பதவியை விடாததால், டெல்லிக்கு வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். தேசிய மாநாட்டுக் கட்சி எம்.பி. சைஃபுதீன் சோஸ் தன் கட்சியின் முடிவை மீறி எதிர்த்தார், கட்சி அவரை வெளியே அனுப்பியது. இருவரில் ஒருவர் வீட்டிலேயே இருந்திருந்தால் எண்ணிக்கை 269-269. அப்புறம் சபாநாயகர் ஓட்டுதான்!

எரிச்சலாக இருக்கிறதா? அமெரிக்காவில் 1868, 1998, 2019, 2021 என நான்கு தடவை அதிபர் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு கீழவையில் நிறைவேறியது. ஆனால் பதவி நீக்க மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டுமே, ஒருமுறைகூட யாரும் பதவியிழக்கவில்லை. பிரிட்டனிலோ 2022-இல் பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் பட்ஜெட்டால் பவுண்டு சரிந்ததும் சொந்தக் கட்சியே நெருக்கி, 49 நாளில் அவரை வெளியே அனுப்பிவிட்டது. பிடிக்காத ஆளைப் பாதியில் இறக்க முடியுமா என்று பார்த்துத்தான் நான் ஒரு முறையை எடைபோடுவேன், அதனால் என் ஓட்டு நாடாளுமன்ற முறைக்கே. ஆனால் நம் 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில், கொறடா சொன்னபடி கை தூக்காத எம்.பி.யின் பதவியே போய்விடலாம். டிரஸ்ஸுக்கு நடந்தது இங்கே நடக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

வங்கி ஊழியர், கோவை: அப்படியானால் அடிக்கடி கவிழ்வதைத் தடுக்க வழியே இல்லையா?

ஜெர்மனி ஒரு நல்ல பூட்டுப் போட்டிருக்கிறது. ஹிட்லருக்கு முந்தைய வைமர் குடியரசு காலத்தில் ஆளைக் கவிழ்க்க எல்லோரும் சேர்வார்கள், அடுத்து யார் என்றால் பிரிந்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் 1949-இன் அடிப்படைச் சட்டத்தில், சான்சலரை (அங்கே பிரதமர் மாதிரி) இறக்க வேண்டுமானால் அதே தீர்மானத்தில் அடுத்த சான்சலரின் பெயரைச் சொல்லிப் பெரும்பான்மை காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இது ஒரே ஒருமுறைதான் பலித்தது: 1982 அக்டோபரில் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார். 1972-இல் வில்லி பிராண்ட்டை இறக்கப் பார்த்தவர்கள் 2 ஓட்டில் கோட்டைவிட்டார்கள்.

1999-இல் நம் எதிர்க்கட்சிகள் கவிழ்த்த கையோடு சோனியா காந்தியா வேறு யாரா என்று முட்டிக்கொண்டு கடைசியில் நாட்டையே தேர்தலுக்கு இழுத்தார்களே, அவர்களுக்கு இந்த விதி சரியாகப் பொருந்தியிருக்கும். ஆனால் சான்சலர் தானே நம்பிக்கை கோரித் தோற்றால் இந்தப் பூட்டு உதவாது. 2024 டிசம்பரில் ஓலாஃப் ஷோல்ஸுக்கு அதுதான் நடந்தது.

இல்லத்தரசி, திருச்சி: இலங்கையில் அதிபரும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார். உண்மையில் யார் ஆள்கிறார்?

1978 அரசியலமைப்பில் ஜெயவர்தனே அதிபர் கையில் பெரும்பலத்தைக் கொடுத்தார். இருவரும் ஒரே கட்சி என்றால் சிக்கலே இல்லை, வெவ்வேறு என்றால்தான் கூத்து. 2018 அக்டோபர் 26 அன்று அன்றைய அதிபர் சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். அது பலிக்காதபோது நாடாளுமன்றத்தையே கலைத்தார். நாலரை ஆண்டு முடியாமல் கலைக்க முடியாது என்று 2015-இல் கொண்டுவந்த 19-ஆவது திருத்தம் இருந்தது. கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன பிறகு ரணில் டிசம்பரில் திரும்பவும் பிரதமரானார். இடைப்பட்ட நாட்களில் ஒரே நாட்டில் இரண்டு பேர் தங்களைப் பிரதமர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: சுவிட்சர்லாந்தின் தலைவர் யார்?

இந்த வருடமா, போன வருடமா? 7 பேர் கொண்ட அமைச்சரவைக்குள் வருடத்துக்கு ஒருவர் தலைவர். மற்ற ஆறு பேருக்கு மேலே அவருக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்துகிறார்களே என்று மெச்சுவதற்கு முன்னால் இதையும் கேளுங்கள்: பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1959-இல் ஆண்களைக் கேட்டார்கள், மாட்டோம் என்றார்கள். கிடைத்தது 1971-இல்தான்.