குன்னூர் தளத்தில் கோவை வெயில் காட்டுவது ஏன்?

உங்கள் குன்னூர் ஹோம்ஸ்டேயின் இணையதளத்தில் கோவையின் வெப்பநிலை வருகிறது, கோடில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். கோடில் பிழை தேடாதீர்கள், அது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. நீங்கள் எடுத்த பிஎச்பி ஸ்கிரிப்ட் படிப்பது மெட்டார் அறிக்கையை, அதாவது விமான நிலைய வானிலையை. குன்னூருக்குப் பக்கத்தில் கோவை விமான நிலையம்தான் உண்டு. அது சுமார் 400 மீட்டர் உயரம், குன்னூரோ 1,850. உங்கள் இணையப் பக்கத்தில் 33 டிகிரி வராமல் என்ன செய்யும்?

உயரம் கூடினால் வெப்பம் குறையுமே, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வெப்பம் ஓரளவு ஒத்துவரும். ஆனால் கோவையில் வெயில் கொளுத்தும்போது குன்னூரின் சிம்ஸ் பூங்காவில் மூடுபனி இருக்குமே, அதை எப்படிக் கழிப்பது?

தரவு வாங்கும் ஃபங்ஷனை மட்டும் மாற்றுங்கள், காட்டும் பகுதி அப்படியே இருக்கட்டும். ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைத் தரவுச் சேவை எளிதுதான், ஆனால் அதன் இலவசச் சேவை வணிகத்துக்கு இல்லை; நீங்கள் அறை வாடகைக்கு விடுகிறீர்கள். நார்வே வானிலை நிறுவனத்தின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) உங்களுக்குப் பொருந்தும், அவர்கள் பெயரைப் பக்கத்தில் போட்டால் போதும். அட்சரேகை 11.35, தீர்க்கரேகை 76.80, கூடவே உயரத்தையும் அனுப்புங்கள். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்துக்கு மேல் வேண்டாம். கேட்பது யார் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட் ஹெட்டரில் உங்கள் தளத்தின் பெயர் இல்லாவிட்டால் 403, அதாவது அனுமதி மறுப்பு வரும், பலர் சிக்குவது இங்கேதான்.

நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் வரும்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வந்த பதிலை கேஷ் செய்யுங்கள், அதாவது சேமித்து வைத்துக் காட்டுங்கள். ஆள் வரும்போதெல்லாம் அவர்கள் சர்வரைத் தட்டக் கூடாது. அப்புறம், இது அளந்த வெப்பம் அல்ல, கணிப்பு. பக்கத்திலும் அப்படியே எழுதுங்கள்.