ரவிக்கைத் துணியில் ஒரு குத்துவிளக்கு

அன்புள்ள ஐயா,

என் கொழுந்தனார் கும்பகோணத்தில் வீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஜிகினா காகிதம் வேண்டாம், துணியில் கட்டிக் கொடுக்கலாம் என்று ஆசை. “மூட்டை தூக்கிக்கொண்டு போனால் சபையில் என்ன நினைப்பார்கள்?” என்கிறார் மாமியார். பழைய புடவையைக் கிழித்துக் கட்டலாமா?

க., மயிலாடுதுறை

அன்புள்ள க.,

துணியிலேயே கட்டுங்கள். பழைய புடவை மட்டும் வேண்டாம். உடுத்திக் களைந்தது சுபகாரியத்துக்கு ஆகாது என்பது நம் பக்கத்துப் பெரியவர்கள் மனதில் ஊறியது. விளக்கை விட்டுவிட்டுத் துணியைத்தான் பேசுவார்கள்.

புதுத்துணி வாங்கவும் வேண்டாம். அலமாரியைத் திறந்து பாருங்கள். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள், நிறம் பொருந்தாமல் தைக்காமலே அடுக்கியவை, எத்தனை இருக்கும்! ஒவ்வொரு நவராத்திரிக்கும் வீடு மாறிக்கொண்டே இருப்பவை. 80 செ.மீ. துணி ஏறக்குறையச் சதுரமாகவே இருக்கும். தாம்பூலத்தில் வந்தது என்றால் மாமியாரும் மறுக்க மாட்டார்.

ஜப்பானில் இப்படிக் கட்டும் சதுரத் துணிக்கு ஃபுரோஷிகி என்று பெயர். ‘குளியல் விரிப்பு’ என்று பொருள். குளிக்கப் போகிறவர்கள் உடையை முடிந்து வைத்த துணி. 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பையைக் குறைப்பதற்காக, பழைய பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் ஒரு ஃபுரோஷிகியையே செய்து காட்டினார். அங்கே அது மரியாதை. இங்கே மூட்டை என்றாலே இல்லாமை என்று ஆகிவிட்டது எனக்கு வருத்தம்தான். என் பாட்டி திருவையாற்றிலிருந்து அதிரசத்தைத் தேங்காய்ப்பூத் துண்டில் முடிந்து அனுப்புவார். அந்தத் துண்டை வெறுமனே திருப்பியனுப்ப அம்மாவுக்குக் கை வராது. ஒரு படி பயறாவது அதில் போகும்.

ஜிகினா காகிதத்தில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் வாய்க்காலில் மிதக்கும். அதோடு, விளக்கின் கூரான முனை பட்டால் வழியிலேயே கிழியும்.

பருத்தித் துணியாகப் பார்த்து எடுங்கள். பாலியெஸ்டரில் முடிச்சு வழுக்கும். விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, ஒன்றோடொன்று உரசாமல் நடுவே இன்னொரு துணி கொடுங்கள். துணியை மூலைவாட்டில் விரித்து நடுவில் வையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துவிட்டு, மற்ற இரண்டையும் இழுத்து முடியுங்கள். முதலில் வலது முனை இடதின் மேல், அடுத்து அதே முனை மறுபடி மேலே வர வேண்டும். அப்போதுதான் முடிச்சு நழுவாது, அவிழ்ப்பதும் எளிது.

துணியும் பரிசில் சேர்ந்தது என்று உங்கள் ஓரகத்தியிடம் சொல்லிவிடுங்கள். புளி போட்டு விளக்கைத் தேய்த்த பிறகு ஈரம் ஒற்ற அவருக்கு ஒரு துணி வேண்டுமே.