கடும் பனிப்புயல் வரப்போகிறது என்கிறார்கள். வீட்டில் எப்படித் தயாராக வேண்டும்?

“எங்களுக்கு இது முதல் குளிர்காலம். வீட்டில் நாங்கள் இருவர், வயதான மாமியார், நான்கு வயது மகள். இன்னும் மூன்று நாளில் பெரும் பனிப்புயல் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டியவற்றையும் சொல்கிறேன், அது சின்னப் பட்டியல்தான். அதைவிட முக்கியமான ஒன்றுக்குக் காசே ஆகாது. மின்சாரம் போய்விட்டால் நால்வரும் எந்த அறையில் ஒன்றாக இருக்கப்போகிறீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. பதினொரு குளிர்காலங்களில் இரண்டு முறை நீண்ட மின்வெட்டில் அகப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

முதல் வருடம் நானும் உங்களைப் போலப் பட்டியல் போட்டேன். ஒன்றுவிடாமல் வாங்கினேன். பனி அள்ளும் ஷவல் ஒன்றையும் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பத்திரமாகச் சாத்தி வைத்தேன். மறுநாள் விடிந்தபோது கொட்டகைக் கதவுக்கு முன்னால் இடுப்பளவு பனி. பனியை அள்ள வேண்டிய கருவி பனிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சமையலறையிலிருந்து பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வழி வெட்டினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னல் வழியாக அதை ரசித்துக்கொண்டிருந்தார். ஆகவே, ஷவல் வீட்டுக்குள், வாசற்கதவை ஒட்டி இருக்கட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்றால், புயல் அடித்துக்கொண்டிருக்கும்போதே சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, முன்னால் சேர்ந்த பனியைத் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். எத்தனை அங்குலம் பனி விழும் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எதைப் பெரும் பனிப்புயல் என்று அழைக்கிறது தெரியுமா? மணிக்கு 56 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்று, 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலை, இந்த இரண்டும் குறைந்தது மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். எவ்வளவு பனி விழுகிறது என்ற பேச்சே அதில் இல்லை. மரக்கிளையை முறித்து மின்கம்பி மேல் போடுவது காற்று. தரையில் கிடந்த பனியை வாரி உங்கள் சுவரோரம் மலைபோல் குவிப்பதும் காற்று. வானிலை அறிவிப்பில் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள்.

2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ வட்டாரத்தில் அடித்த புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் வெளியே கிளம்பிக் காரில் சிக்கியவர்கள். சிலர் பனி அள்ளும்போது மாரடைப்பில் விழுந்தவர்கள். சிலர் சூடில்லாத சொந்த வீட்டுக்குள்ளேயே குளிரில் இறந்தவர்கள். முதல் ஆபத்தைத் தவிர்ப்பது எளிது: புயல் ஓயும்வரை வண்டியைத் தொடாதீர்கள். மற்ற இரண்டையும்தான் விரிவாகப் பேச வேண்டும்.

அதற்கு முன் அந்தச் சின்னப் பட்டியல். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர், மூன்று நாளுக்கு; உங்கள் வீட்டுக்கு 48 லிட்டர். சமைக்காமலே உண்ணக்கூடிய உணவு, மகளுக்குப் பிடித்தது கொஞ்சம் கூடுதலாக. மாமியாரின் மருந்துகள் குறைந்தது ஒரு வாரத்துக்கு. டார்ச், உதிரி பேட்டரிகள், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். மெழுகுவத்தி வேண்டாம், போர்வைகளுக்கு நடுவில் குழந்தையோடு இருக்கப்போகும் வீட்டில் தீ எதற்கு? குளியல் தொட்டி இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி வைத்தால் கழிவறைக்கு ஆகும். பனியை உருக்கித் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பாத்திரம் புதுப்பனியை உருக்கினால் ஒரு பாத்திரம் தண்ணீர் தேறும், அதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இப்போது அறைக்கு வருகிறேன். “வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸ் எரிவாயுவில்தானே ஓடுகிறது, மின்சாரம் போனால் என்ன?” என்று நானும் நினைத்திருந்தேன். எரிவது வாயுதான். ஆனால் சூடான காற்றை அறை அறையாகத் தள்ளும் விசிறிக்கும், எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். விளக்கு அணையும்போது ஃபர்னஸும் சேர்ந்து அணைந்துவிடும். முதல் மின்வெட்டு அன்று ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போர்வையோடு படுத்திருந்தோம். நள்ளிரவுக்குள் எல்லா அறையும் குளிர்ந்துவிட்டது. முழு வீட்டையும் காப்பாற்றப் பார்த்து எதையும் காப்பாற்ற முடியாமல் போன கதை அது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நால்வர் ஒரு சின்ன அறையில் இருந்தால் 300 வாட்டுக்கு மேல் வந்துவிடும். பெரிய கூடத்தில் அது காணாமல் போகும், சிறிய அறையில் நன்றாகத் தெரியும். ஆகவே இருப்பதிலேயே சிறிய, ஜன்னல் குறைந்த, வெளிச்சுவர் குறைந்த அறையைத் தேர்ந்தெடுங்கள். கழிவறை பக்கத்தில் இருந்தால் மாமியாருக்கு நல்லது. கார் நிறுத்தும் கொட்டிலுக்கு மேலே இருக்கும் அறை வேண்டாம், அதன் தரை பனிக்கட்டிபோல் ஆகிவிடும். மெத்தைகளை அங்கே கொண்டுவந்து தரையில் போடுங்கள். ஜன்னல்களுக்குக் கனமான போர்வை, கதவுக்கு அடியில் சுருட்டிய துண்டு. வெயில் விழும் ஜன்னலில் மட்டும் பகலில் போர்வையை விலக்கி வைத்து, வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள். சிறிய கூடாரம் இருந்தால் அறைக்குள்ளேயே அடியுங்கள். சிரிக்காதீர்கள், அறைக்குள் இன்னொரு அறை கிடைத்த மாதிரி அது. நாங்கள் இரண்டாவது மின்வெட்டைக் கூடாரத்துக்குள் கழித்தோம். என் மகன் இன்னமும் அது எப்போது மறுபடி வரும் என்று கேட்கிறான்.

அந்த அறையை மின்சாரம் போன பிறகு தேடாதீர்கள். இருட்டில் மெத்தை இழுப்பது வேடிக்கையான வேலை அல்ல. புயலுக்கு முந்தைய மாலையே எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள்.

குளிர் ஏற ஏற ஒரு சபலம் வரும்: சமையல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் என்ன? வெளியே வைத்துக் கரி அடுப்பில் சுடுவோமே, அதை உள்ளே கொண்டுவந்தால் என்ன? கூடவே கூடாது. எரியும் எதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று சாதாரணக் காய்ச்சல்போல் தொடங்கும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுகூடத் தெரியாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் மின்சாரம் போனபோது, சூடு தேடிக் காரை மூடிய கொட்டிலுக்குள் ஓடவிட்டும் கரியை வீட்டுக்குள் எரித்தும் பலர் இந்த வாயுவுக்கு இரையானார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, கதவு ஜன்னல் எதன் பக்கமும் புகை வராதபடி வையுங்கள். கொட்டிலின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது பொய். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டில் இல்லையென்றால், பட்டியலில் உள்ள மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் வாங்குங்கள்.

மின்சாரம் இருக்கும்போதும் ஃபர்னஸ் காலை வாரிவிடும். ஒரு புயல் இரவில் இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் விழித்தேன். விளக்கு எரிகிறது, ஃபர்னஸ் மட்டும் பேச்சில்லை. அணைத்துப் போட்டேன். சில நிமிடம் ஓடியது, மறுபடி நின்றது. பழுதுபார்ப்பவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்தால், அந்த இரவில் யார் வருவார்கள்? விடிந்ததும் அதே பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்தேன். “வெளியே போய்க் குழாயைப் பார்த்தீர்களா?” என்றார். “எந்தக் குழாய்?” என்றேன். எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது.

புதிய வகை ஃபர்னஸ்கள் பலவற்றின் புகை கூரைக்கு மேல் போவதில்லை. பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவர் வழியாக, தரையிலிருந்து கொஞ்ச உயரத்திலேயே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றொன்று கழிவு வாயுவை வெளியேற்றும். காற்று பனியைச் சுவரோரம் குவித்தால் இவை மூடிப்போகும். நல்ல காலமாக இருந்தால் ஃபர்னஸ் தானே நின்றுவிடும், எனக்கு நடந்தது அதுதான். இல்லாவிட்டால் கழிவு வாயு வீட்டுக்குள் திரும்பும். உங்கள் வீட்டில் அந்தக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று இன்று பகலிலேயே சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நீளக் கம்பை நட்டு வைத்தால் எல்லாம் வெள்ளையாகிவிட்ட பிறகும் இடம் தெரியும். குழாயைச் சுற்றிக் கையால் அல்லது துடைப்பத்தால் பனியை விலக்குங்கள். ஷவலால் குத்தினால் குழாய் உடையும். எரிவாயு மீட்டருக்கும் அதே மரியாதை.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குத் தங்கள் உடல் குளிர்ந்துகொண்டிருப்பதே பல நேரங்களில் தெரியாது. “எனக்கு ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வார். நம்பாதீர்கள். பேச்சு குழறுவது, கை தடுமாறுவது, காரணமில்லாத தூக்கம், குழப்பம் இவற்றைக் கவனியுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் அது நல்ல சேதி அல்ல. உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். பருத்தி உடை ஈரமானால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி அப்படியில்லை. குல்லாய், காலுறை இரண்டும் படுக்கையிலும் இருக்கட்டும்.

தண்ணீர்க் குழாய்கள்: வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் தண்ணீர் சன்னமாக ஒழுகிக்கொண்டே இருக்கட்டும், கழுவுதொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம்போல் விரிகிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம்தான் குழாயை வெடிக்க வைக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். உணவை வெளியே பனியில் புதைத்து வைக்காதீர்கள், வெயிலும் விலங்குகளும் வந்து சேரும். பாட்டிலில் தண்ணீரை வெளியே வைத்து உறையவிட்டு, அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக்கொள்வது மேல்.

கடைசியாகப் பனி அள்ளுவது. 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளமான வண்டிப்பாதையில் 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 18 கன மீட்டர். இலேசான புதுப்பனியே கன மீட்டருக்கு 100 கிலோபோல் இருக்கும். ஆக 1,800 கிலோ. ஷவல் ஒன்றுக்கு ஆறு கிலோ என்றால் முந்நூறு முறை தூக்க வேண்டும். ஈரப்பனி என்றால் இரு மடங்கு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கும்போது, வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் இந்த வேலையைத் தொடங்குகிறார். இதயத்துக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு அதிகம் இல்லை. மொத்தமும் விழுந்து முடியட்டும் என்று காத்திராமல், காற்று தணியும் இடைவெளிகளில் பத்துப் பத்து சென்டிமீட்டராக எடுங்கள். தூக்காதீர்கள், தள்ளுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஷவலில் பாதி. நெஞ்சிலோ தாடையிலோ தோளிலோ வலி வந்தால் “இந்த ஓரத்தை முடித்துவிட்டு” என்ற பேச்சே கூடாது. இதய நோய் உள்ளவர் யாராக இருந்தாலும் அவருக்கு இந்த வேலை வேண்டாம், கூலிக்கு ஆள் வையுங்கள். உப்புத் தூவினால் வழுக்காது என்பார்கள், ஆனால் சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது. அப்போது மணல்தான் காலுக்குப் பிடிப்பு.

இன்னொன்று. நீங்கள் வியர்க்க வியர்க்கப் பாதையைத் துடைத்து வைத்த பிறகு, தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வந்து தெருப்பனியை எல்லாம் உங்கள் பாதையின் வாயில் இறுகிய கரையாகக் குவித்துவிட்டுப் போகும். அந்த முனையை மட்டும் வண்டி போன பிறகு எடுங்கள். முதல் வருடம் நான் அதை மூன்று முறை எடுத்தேன். மூன்றாவது முறை பெரியவர் ஜன்னலைத் திறந்தே பார்த்தார்.