அண்ணாச்சி, மனையை அடகு வைக்க வேண்டாம்

போன செவ்வாய்க்கிழமை மேல்படிப்புக்கு ஆலோசனை கேட்டு தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், துணைக்கு ஒரு அத்தை. அப்பாவுக்கு விசைப்படகுகளுக்கு ஐஸ் போடுகிற தொழில். மகள் பிளஸ் டூவில் 600க்கு 531. நீட் இரண்டு தடவை எழுதியாயிற்று, இரண்டாம் தடவையும் அரசு இடத்துக்கு எட்டவில்லை. மேஜைமேல் இரண்டு கோப்புகளை வைத்தார்கள். ஒன்று ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ், ஏஜென்ட் கொடுத்தது. இன்னொன்று மெல்போர்னில் டேட்டா சயின்ஸ், அங்கே வேலையில் இருக்கிற சித்தப்பா அனுப்பியது.

"ரெண்டு வருஷம் வீணாப் போயிருச்சே சார்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீணாகவில்லை, வயது இருக்கிறது, டீ குடியுங்கள் என்று ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் பிள்ளையிடம் திரும்பி, "உனக்கு என்னம்மா ஆசை?" என்றேன். அத்தை பதில் சொன்னார். மறுபடியும் பிள்ளையையே கேட்டேன். அவள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். ஐஸ் கணக்கு எழுதுகிற நோட்டு.

அதற்குள் ஐஸ் கணக்கு இல்லை. அப்பாவோடு துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் வலையிலிருந்து ஒதுக்கிக் கொட்டுகிற மீன்களைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். காரல், முரல், ஊழி, பாறை. கிளாத்திக்கு ஒரு முழுப் பக்கம், பென்சில் படத்தோடு. 'தோல் உரித்துத்தான் விற்பார்கள். பார் பக்கம் வலை போட்டால் நிறைய வரும்' என்று கீழே குறிப்பு. பவளப்பாறையை நம் கடற்கரையில் பார் என்றுதான் சொல்வோம், அதையும் அப்படியே எழுதியிருந்தாள். கடைசி அட்டையின் உள்பக்கம் மட்டும் வேறு பேனாவில் ஒரு வரி: ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம், டவுன்ஸ்வில்.

அந்தப் பெயரைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தாராம். "அது ஒரு ஊரா? வெயில் காயுற இடம். மெல்போர்ன்ல இடம் கிடைக்காதவங்க போறது." அண்ணாச்சி, அன்றைக்கு நேரம் போதாமல் பாதியில் விட்டதை இப்போது எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

இரண்டு கோப்புகளையும் முதலில் ஓரம் தள்ளிவிடுவோம். வெளிநாட்டு எம்பிபிஎஸ் பற்றி உங்களுக்கு ஏஜென்ட் சொல்லாதது ஒன்றுதான். முடித்து வந்தபிறகு இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், தேறாதவர்கள்தான் அதிகம். டேட்டா சயின்ஸ் நல்ல படிப்பு. ஆனால் உங்கள் மகள் ஒரு மணி நேரத்தில் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட வாயால் சொல்லவில்லை. குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும் என்று அத்தை ஆசைப்படலாம், தப்பில்லை. அந்த ஆசைக்காக ஆறு வருஷம் உட்கார்ந்து படிக்கப் போவது அத்தை இல்லையே.

சரி, டவுன்ஸ்வில். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் வரும் வெப்பமண்டலத்துக்குள் அடங்கிய ஊர். ஆஸ்திரேலியாவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தெற்கே, குளிர்ந்த பக்கம் இருக்கின்றன. இது 1961இல் ஒரு கிளைக் கல்லூரியாகத் தொடங்கி 1970இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. வெப்பமண்டலத்தின் கடல், காடு, நோய், விவசாயம் ஆகியவற்றையே தன் வேலை என்று எடுத்துக்கொண்டது. உலக மக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வாழ்கிற பகுதி இது. நம் தமிழ்நாடு முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் பள்ளியில் படித்த உயிரியல் பாடத்தில் எத்தனை உதாரணங்கள் குளிர்நாட்டு உதாரணங்கள் என்று அவளையே கேட்டுப்பாருங்கள்.

மொத்தத் தரவரிசையில் அது முதல் நூறில் இல்லை. சித்தப்பா சொன்னதில் அந்த அளவு உண்மைதான். ஆனால் பவளப்பாறை, கடல் சூழல் என்று வந்தால் உலகத்தில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் அதுவும் ஒன்று. காரணம் அதன் வாசலில் என்ன இருக்கிறது என்பதுதான். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கிரேட் பேரியர் ரீஃப் எதிரே. அந்தப் பாறைத்தொடரை நிர்வகிக்கிற அரசு ஆணையத்தின் தலைமையகம் அதே ஊரில். ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் ஊருக்கு வெளியே கொஞ்ச தூரத்தில். படிக்கிற இடம், ஆராய்கிற இடம், வேலை தருகிற இடம் மூன்றும் ஒரே நகரத்தைச் சுற்றி. மெல்போர்னில் இதைத் தேடினால் கிடைக்காது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், இதை உங்கள் மகளுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். டவுன்ஸ்வில்லிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் மேக்னடிக் தீவு. 1980களின் தொடக்கம் வரை, பவளங்களில் பெரும்பாலானவை குஞ்சுகளை உள்ளேயே வளர்த்து வெளியே விடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் அந்தத் தீவின் கரையோரப் பாறைகளில் ராத்திரி ராத்திரியாக இறங்கிக் காத்திருந்து பார்த்தார்கள். அங்கே அது வசந்த காலம், பௌர்ணமி கழிந்து சில நாட்கள். பல இனப் பவளங்கள் ஒரே இரவில், சொல்லிவைத்த மாதிரி, முட்டையும் விந்தும் சேர்ந்த சின்னச் சின்ன உருண்டைகளைக் கடலில் விட்டன. 1984இல் அது சயன்ஸ் இதழில் வந்தது, பாடப்புத்தகம் மாறியது. கண்டுபிடித்தவர்கள் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. பொறுமையாக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகள். ஐஸ் நோட்டில் மீன் எழுதுகிற உங்கள் மகள் செய்துகொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான், அண்ணாச்சி.

கடல் மட்டும் இல்லை. டெயின்ட்ரீ மழைக்காட்டில், கேப் டிரிபுலேஷன் பக்கம், கட்டடம் கட்டுகிற மாதிரி ஒரு கிரேனை நட்டு வைத்திருக்கிறார்கள். 47 மீட்டர் உயரம். கூண்டில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் காட்டின் தலைமேல் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடும். தரையிலிருந்து பார்த்தே தெரியாத பூவும் பூச்சியும் கைக்கெட்டும். ஆர்ஃபியஸ் தீவில் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. வளாகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ராஸ் ஆற்றின் பெயரிலேயே ஒரு கொசுக் காய்ச்சல் உண்டு. அந்த வைரஸை 1959இல் அங்கே பிடித்த கொசுவில்தான் முதலில் பிரித்தெடுத்தார்கள். மருத்துவப் பக்கமே வேண்டும் என்று உங்கள் வீட்டு அக்கா இன்னும் நினைத்தால், வெப்பமண்டல நோய்களுக்கான பெரிய ஆய்வுக்கூடமும் அங்கே இருக்கிறது. டெங்குவைக் கட்டுப்படுத்த, அந்த வைரஸ் கொசுவுக்குள் பெருகாமல் தடுக்கிற வொல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை 2011இல் முதன்முதலாக ஊருக்குள் பறக்கவிட்டது இவர்களுடைய இன்னொரு வளாகம் இருக்கிற கெய்ன்ஸ் நகரத்தை ஒட்டித்தான். டாக்டர் ஆகாமலே நோயோடு மல்லுக்கட்ட வழி இருக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. 1910இல் டவுன்ஸ்வில்லில் ஒரு வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது ஆராய வேண்டிய முக்கியமான கேள்விகளில் ஒன்று, வெள்ளைக்காரர்கள் இந்த வெயிலில் வாழ்ந்து வேலை செய்ய முடியுமா என்பது. நம் ஊரில் சித்திரை வெயிலில் உப்பளத்தில் வாருகிறவர்களைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் பதில் கிடைத்திருக்கும். 'வெயில் காயுற ஊர்' என்று சித்தப்பா சொன்னதும் எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. தூத்துக்குடிப் பிள்ளைக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்துவதா?

அதைவிட முக்கியம், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் அங்கே செல்லுபடியாகும். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று கொண்டாடுகிற மீன் நம்முடைய கொடுவாதான், அதே இனம். ஆணாகத் தொடங்கி வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிற மீன். அதை வைத்தும் வரி இறாலை வைத்தும் அங்கே மரபணுத் தேர்வு ஆராய்ச்சி நடக்கிறது. நம் பக்கம் முட்டுக்காட்டில் 1997இல் கொடுவாவைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார்கள். 2016இல் கடல் சூடேறி கிரேட் பேரியர் ரீஃபின் பவளம் நிறமிழந்து வெளுத்தது, அதே ஆண்டு மன்னார் வளைகுடாவிலும் பவளம் வெளுத்தது. இரண்டு கடலையும் தெரிந்த ஆட்கள் அதிகம் இல்லை.

இவ்வளவு சொல்கிறேனே, உடனே டிக்கெட் போடலாமா என்று கேட்டால், கூடாது. இங்கேதான் நான் கறாராகப் பேசுவேன்.

இளநிலைப் படிப்புக்கு இப்போதே அனுப்பினால் மூன்று வருஷம். வெளிநாட்டு மாணவருக்கு அறிவியல் படிப்பின் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும். தங்க, சாப்பிட வருஷத்துக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 2024இல் விதி வைத்தார்கள், அது 16 லட்சத்துக்கு மேல். விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். மொத்தம் ஒரு கோடியைத் தாண்டுகிறது. பகுதிநேர வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்வார். படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. அதில் வாடகை கொடுக்கலாம், கோடியை அடைக்க முடியாது. மாப்பிள்ளையூரணி மனையை வங்கியில் வைக்கலாம் என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். வேண்டாம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனை இப்படி ஒரு அழகான படிப்புக்கு நானே சரி சொல்லி அனுப்பினேன். படிப்பில் குறையில்லை. வட்டி கட்டுவதற்காக அவன் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டான், படித்ததைத் தொடவே இல்லை. அவன் அப்பா முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சம்.

ஆகவே வழி வேறு. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் 1977இலிருந்து ஒரு மீன்வளக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. நான்கு வருஷ பி.எஃப்.எஸ்சி. படிப்பு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மீன்வளப் பல்கலைக்கழகமே சேர்க்கை நடத்துகிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் வீட்டை அசைக்காது. அங்கே இருக்கும்போதே அவள் மூன்று விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்: முறையான ஸ்கூபா, புள்ளியியல், ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதுவது. நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்றாள். அத்தைக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் முதுநிலை, எம்.எஃப்.எஸ்சி. மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது, தேசிய நுழைவுத் தேர்வு எழுதினால் உதவித்தொகையோடு சேரலாம். கண்டிப்பாக ஆய்வேடு எழுதுகிற முதுநிலையாக இருக்க வேண்டும். ஏனென்றால் டவுன்ஸ்வில்லுக்கு அவள் போக வேண்டிய கதவு முனைவர் பட்டக் கதவு. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகையில் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கிறார்கள். கிடைத்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கு வருஷத்துக்கு 33,000 டாலருக்கு மேல் அவர்களே தருவார்கள். கிடைப்பது எளிது என்று பொய் சொல்லமாட்டேன். பல நாட்டுப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். அங்கே ஆய்வு வழிகாட்டியாக ஒருவர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால் கை ஓங்கும், அதற்கு முதுநிலை இரண்டாம் வருஷத்திலேயே கடிதம் எழுதத் தொடங்க வேண்டும். அப்போது அந்த ஐஸ் நோட்டு உதவும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கிடைக்காமல் போனால்? கையில் மீன்வளப் பட்டம் இருக்கும். இறால் பொரிப்பகம், தீவன நிறுவனம், ஏற்றுமதி, டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத் துறை. கடன் இருக்காது.

சிங்கப்பூரிலும் இவர்களுக்கு 2003இலிருந்து வளாகம் உண்டு, பக்கத்தில்தானே என்று அத்தை கேட்டார். பட்டம் ஒன்றுதான். ஆனால் அங்கே கூட்டம் சேர்வது வணிகம், உளவியல், கணினி மாதிரியான படிப்புகளுக்கு. கிரேட் பேரியர் ரீஃப் சிங்கப்பூரில் இல்லை. இவளுக்கு அது வேண்டாம்.

அக்காவுக்கு ஒரு பயம் பாக்கி இருந்தது: பெண் பிள்ளை, கடலில் இறங்குகிற வேலை. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. டவுன்ஸ்வில் கடற்கரையில் நவம்பரிலிருந்து மே வரை கொடிய சொறி மீன் (ஜெல்லி மீன்) வரும், குளிக்கிற இடத்தைச் சுற்றி வலை கட்டுவார்கள், உடம்பு முழுக்க மூடிய உடை போட்டுத்தான் இறங்குவார்கள். புயலும் உண்டு. இவற்றையெல்லாம் மூன்றாம் தலைமுறையாகக் கடலோரத்தில் தொழில் செய்கிற குடும்பத்துக்கு நான் விளக்க வேண்டுமா?

மீன்வளக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஜார்ஜியா ஏஜென்டிடம் கொடுத்த முன்பணத்தை ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள், முழுசாக வராது, வந்தவரை லாபம். சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன், எண்ணை அனுப்புங்கள். நம் ஊரில் சாயங்காலம் நாலரை மணி சரியாக இருக்கும், அவர் சாப்பிட்டு முடித்திருப்பார்.