கொச்சியில் மூன்று நாள்: எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கோவையிலிருந்து ரயிலில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும்படி கொச்சி செல்ல நினைக்கிறோம். மூட்டு வலியுள்ள அம்மாவும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள். எங்கே தங்குவது? மூணாறையும் ஆலப்புழையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: மூணாறை விட்டுவிடுங்கள். சுமார் 130 கி.மீ. மலைப்பாதையில் போகவும் வரவும் தலா நான்கு மணி நேரமாவது ஆகும். அதை உங்கள் தாயாரின் முழங்கால் தாங்காது, மூன்று நாளில் ஒரு நாளும் காரிலேயே கழிந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்லது. டிசம்பர் கடைசி வாரத்தில் புத்தாண்டுக் கூட்டத்தால் ஃபோர்ட் கொச்சியில் நடக்கவே இடமிருக்காது.

உங்கள் திட்டத்தில் உண்மையான சிக்கல் கிழமைகளில்தான் இருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் அருகிலுள்ள பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை திறப்பதில்லை, வெள்ளியன்றும் அதை நம்பிப் போக முடியாது. இது தெரியாமல் வந்த முதல் நாளே மட்டாஞ்சேரிக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலர். பயண நாட்களை மாற்றத் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும்.

தங்குவதற்கு எர்ணாகுளத்தைவிட ஃபோர்ட் கொச்சியே வசதி, ஏனெனில் நீங்கள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை காயலுக்கு அந்தப் பக்கம்தான் உள்ளன. ரயிலிலிருந்து இறங்கி ஆட்டோவில் உயர் நீதிமன்றப் படகுத்துறைக்குச் சென்று வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் அக்கரை சேரலாம். அங்குள்ள மிதவை மேடை நீர்மட்டத்தோடு ஏறி இறங்கிப் படகின் தளத்துக்குச் சமமாகவே நிற்பதால், முதியவர்கள் காலைத் தூக்கிவைத்து ஏற வேண்டிய தொல்லை இல்லை.

வெள்ளி மாலையைச் சீன வலைகளுக்கும், 1503இல் தொடங்கிய புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கும் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை அங்கே வழிபாடு நடக்கும் என்பதால் வெள்ளியே ஏற்றது. 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அதனுள் இருக்கிறது. உடல் எச்சங்கள் பின்னர் லிஸ்பனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வலைகளை உங்கள் மகன் வெகுநேரம் பார்ப்பான்: மீனவர்கள் கயிற்றை இழுக்க இழுக்க, எடைக்காகக் கட்டப்பட்ட கற்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட, எதிர்முனையில் வலை நீரிலிருந்து எழும்.

சனிக்கிழமையைக் கடலுக்குக் கொடுங்கள். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை குளிப்பதற்கு உகந்ததல்ல; வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் ரோ-ரோ படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து, அங்கிருந்து காரில் செராய் கடற்கரைக்குச் செல்லலாம். ஆலப்புழைதான் வேண்டுமென்றால் அதற்குரிய நாளும் இதுவே, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். மாலையில் கதகளி பார்ப்பதாக இருந்தால் ஒப்பனை நேரத்திலேயே போய் உட்காருங்கள். பச்சை பூசிய முகத்தின் ஓரத்தில் சுட்டி எனப்படும் வெள்ளை விளிம்பை நிதானமாக ஒட்டிக் கட்டுவது குழந்தைகளுக்கு ஆட்டத்தைவிடவும் பிடித்துப்போகும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கெல்லாம் மட்டாஞ்சேரியில் இருந்தால், யூத ஆலயத்தின் மதிய இடைவேளைக்கு முன் அதையும் அரண்மனையையும் பார்த்துவிடலாம். போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்து, பிற்பாடு டச்சுக்காரர் பழுதுபார்த்தது அந்த அரண்மனை. பள்ளியறையின் ராமாயணச் சுவரோவியங்கள் மாடியில் இருப்பதால், தாயாருக்கு அன்றைய படியேற்றம் அதோடு போதும். 1568இல் கட்டப்பட்ட யூத ஆலயத்தின் தரையில் நீல ஓவியம் தீட்டிய சீன ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும்.

திரும்பும்போது, விடுமுறை நாளில் படகுத்துறையில் வரிசை நீளும் என்பதால், ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். பயணச்சீட்டில் எர்ணாகுளம் ஜங்ஷனா, எர்ணாகுளம் டவுனா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில ரயில்கள் டவுனில் மட்டுமே நிற்கும்.