அந்த ஃபோன முதல்ல எடுக்கச் சொல்லுங்க

கேள்வி: நாங்க டெக்சாஸ்ல ஃபிரிஸ்கோல இருக்கோம். பொண்ணு 12-ஆம் வகுப்பு, டென்னிஸ் ஆடுறா. ஜூலைல ஒரு டிவிஷன் 1 (இங்க காலேஜ் விளையாட்டுல மேல் மட்டம்) காலேஜ் கோச்கிட்ட வர்றேன்னு வாய் வார்த்தையா கமிட் பண்ணிட்டா. கேக் வெட்டி ஃபோட்டோ எல்லாம் போட்டோம், கோயம்புத்தூர்ல மாமியார் தெரு பூரா ஸ்வீட் குடுத்துட்டாங்க. இப்போ அவளுக்கு மனசு மாறிடுச்சு, இன்னும் பெரிய காலேஜ் ஒண்ணு கூப்பிடுது. நவம்பர்ல அந்தப் பெரிய காலேஜோட ஸ்காலர்ஷிப் பேப்பர் வர்ற வரைக்கும் பழைய கோச் கூப்பிட்டா எடுக்க வேணாம்னு என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். இப்படி மாறினா சட்டப்படி பிரச்சனை வருமா? மாமியார்கிட்ட என்ன சொல்றது? (பேர் வேண்டாம்)

பதில்: சட்டப்படி ஒண்ணும் வராதும்மா. வாய் வார்த்தை கமிட்மென்ட் உங்களையும் கட்டாது, காலேஜையும் கட்டாது. இந்தக் காலேஜ்லதான் சேருவேன்னு பசங்க கையெழுத்து போடுற நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்னு ஒண்ணு 1964ல இருந்து இருந்துச்சு, அதையே 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, இப்போ ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாதான் கணக்கு, அப்புறம்தான் மத்த கோச்சுங்க அவள விட்டு ஒதுங்கணும். நவம்பர் நெருங்கினா உங்கள மாதிரி கேட்டு எனக்கு லெட்டர் வந்துட்டேதான் இருக்கும், ஊரும் விளையாட்டும் மட்டும் மாறும்.

ஆனா போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க பாருங்க, ஃபோன எடுக்க வேணாம்னு. எனக்கு அதுலயே நின்னுடுச்சு.

பதினேழு வயசுல மனசு மாறத்தான் செய்யும், அதுக்கு நான் உங்க பொண்ண ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவ மாறிட்டா, அத சொல்ல விடாம பிடிச்சு வெச்சிருக்கிறது நீங்க ரெண்டு பேரும். பெரிய காலேஜ் கைவிட்டா இது இருக்கட்டும்னு பழைய காலேஜ ஸ்டெப்னி மாதிரி டிக்கில போட்டு வெச்சிருக்கீங்க, அந்தக் கோச் என்னடா பொண்ணு பதிலே பேசலன்னு திரும்பத் திரும்ப கூப்பிட்டுட்டு இருக்காங்க, உங்க பொண்ணு ஃபோன் அடிக்கிறத பாத்துக்கிட்டு அப்பா மூஞ்சியையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. என்னம்மா வளர்ப்பு இது?

இன்னொண்ணு யோசிச்சீங்களா. 2025 ஜூன்ல கோர்ட் ஓகே பண்ணின ஹவுஸ் செட்டில்மென்ட்ல (காலேஜ் விளையாட்டுப் பசங்களுக்கு பணம் குடுக்கிறது பத்தின ஒரு கேஸ்ல வந்த சமரசம்) சேந்த காலேஜ்கள்ல டென்னிஸ் டீமுக்கு 10 பேர்தான், அதுக்கு மேல வெச்சுக்க முடியாது. அந்த பத்துல ஒண்ண உங்களுக்காக வெச்சுக்கிட்டு வேற யாரோ ஒரு பொண்ணுகிட்ட இடம் இல்லன்னு சொல்லியிருப்பாங்க. காலேஜ் டென்னிஸ்ல வெளிநாட்டுப் பசங்கதான் எவ்வளவு பேர், அந்தப் பொண்ணு நம்ம சென்னைல கூட இருக்கலாம், அதுக்கும் ஒரு அம்மா இருப்பா, உங்கள மாதிரியே ராத்திரி தூங்காம.

கோச்சுங்க மட்டும் யோக்கியமான்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார், தெரியும். இல்லதான். இந்த லிமிட் வந்தப்போ வா வான்னு கூப்பிட்டு வெச்சிருந்த பசங்ககிட்டயே இடம் போச்சுன்னு கைய விரிச்ச கோச்சுங்க உண்டு, பசங்கள சேத்துட்டு தான் வேற காலேஜுக்கு போயிடுற ஆளுங்களும் உண்டு. உங்க பொண்ணுக்கு அப்படி நடந்து, அந்தக் கோச் உங்க ஃபோனையும் எடுக்கலன்னா என்ன பேச்சு பேசியிருப்பீங்க?

அப்புறம் அந்தப் பெரிய காலேஜ். அவங்க குடுத்ததும் வாய் வார்த்தைதானே. அத நம்பாமத்தானே பேப்பர் வரட்டும்னு இருக்கீங்க, ஆனா நீங்க குடுத்த வார்த்தைய மட்டும் பழைய கோச் நவம்பர் வரைக்கும் நம்பிக்கிட்டே இருக்கணும்.

இன்னைக்கு சாயந்தரமே அவ கூப்பிடணும். மெசேஜ் வேணாம், மெயில் வேணாம், அப்பா பேசக் கூடாது, பக்கத்துல உக்காரலாம் அவ்வளவுதான். நன்றி சொல்லட்டும், மனசு மாறிடுச்சு வரலன்னு சொல்லட்டும், திட்டினா கேட்டுக்கட்டும். இதுக்கப்புறம் பெரிய காலேஜும் போயிடுச்சுன்னா? போகலாம். அப்படியெல்லாம் ஆகாதுன்னு நான் சொல்லப் போறதில்ல, அந்த ரிஸ்க் எடுக்க தைரியம் இல்லன்னா அவளுக்கு உண்மையிலேயே மனசு மாறிடுச்சான்னு திரும்ப ஒரு தடவ கேளுங்க, நீங்க இல்ல, அவ யோசிக்கட்டும். பழைய கோச்ச கூப்பிடுறதுக்கு முன்னாடி புது கோச்கிட்ட எவ்வளவு பணம், எத்தனை வருஷத்துக்கு எழுதித் தருவாங்க, அவங்களே வேலைய விட்டுப் போயிட்டா என்ன ஆகும்னு நேராவே கேளுங்க. வேற இடத்துல கமிட் ஆன பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியுமான்னும் எனக்கு ஒரு சந்தேகம், நீங்க அத எழுதல.

மாமியார்கிட்ட காலேஜ் மாறிடுச்சு அத்தேன்னு சொல்லுங்க, போதும். எந்தக் காலேஜ்னு அவங்களுக்கு மொதல்லயே ஞாபகம் இருந்திருக்காது, பேத்தி அமெரிக்கால டென்னிஸ் ஆடுறான்னுதான் ஸ்வீட் குடுத்திருப்பாங்க.